ஏலத்தில் எடுத்த தார்

லாசரஸ் ஆட்டோவில் ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கியபோது எங்கள் தெருவே நின்று பார்த்தது. பார்க்கிற தெருதான் இது. கோவிலம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் மனை போட்டு விற்ற இந்த நகரில் ஒருவன் புதுத் துடைப்பம் வாங்கி வந்தாலும் நாலு மாடியிலிருந்து தலை எட்டிப் பார்க்கும். அவனவன் வீட்டுக் கூரை ஒழுகுவது மட்டும் யார் கண்ணிலும் படாது.

ஆட்டோக்காரன் ஒரு பக்கம், லாசரஸ் ஒரு பக்கம் பிடித்துத் தாரை இறக்கினார்கள். ரஸ்தாளித் தார். பெரியதுதான், பொய் சொல்லக் கூடாது. லாசரஸ் வெள்ளைச் சட்டையும் டையும் போட்டிருந்தார். தாரின் கறை சட்டையில் வழிந்திருந்தது. அதைப் பதக்கம் மாதிரி காட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், கட கிட போடப் போறீங்களா?" என்றேன்.

"கடை இல்ல கேசவன். ஆலயத்துக் குலை. இன்னைக்கு அறுப்பின் பண்டிகை. ஏலத்துல எடுத்தேன். அந்த தனசிங் கடைசி வரைக்கும் விடல. நானும் விடல."

"இத்தினியும் யாரு துன்றது?"

"காணிக்கைப் பழம் கேசவன். இதுல கணக்குப் பாக்கக் கூடாது."

அவர்கள் கோவிலில் அது ஒரு வழக்கம். வயலை ரயில் ஜன்னலில் மட்டும் பார்த்த ஜனங்கள் வருஷத்துக்கு ஒரு நாள் பூசணிக்காயும் முருங்கைக்காயும் பல்லாவரம் சந்தையில் வாங்கிக் கொண்டுபோய் ஆல்டர் பீடத்துக்கு முன்னால் குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையே ஏலம் விட்டு அவர்களே வாங்கி வருவார்கள். எலுமிச்சம்பழத்துக்குக்கூட சண்டை நடக்குமாம். பொருளுக்காக யாரும் கேட்பதில்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவன் கையைத் தூக்கினால் இரண்டாம் வரிசைக்காரனும் தூக்க வேண்டும், அவ்வளவுதான். தனசிங் சபையின் செயலாளர். அந்த நாற்காலியில் லாசரஸுக்குப் பல வருஷமாகக் கண். அன்றைக்குத் தனசிங் நன்றாக ஏற்றிவிட்டுக் கடைசியில் சிரித்துக்கொண்டே கையைக் கீழே போட்டிருக்கிறான். தார் இவர் தலையில் விழுந்தது. எவ்வளவுக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத்தான் வயிறு எரியும்.

லாசரஸ் மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் வீடு கட்டிய மனை என் சித்தப்பா விற்றது. சித்தப்பா அந்தப் பணத்தில் இரண்டு வருஷம் குடித்தார், அப்புறம் செத்தார். அதனால் எனக்கு எங்கள் ஆட்கள் மேலும் மரியாதை கிடையாது. லாசரஸுக்கும் எனக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர். அவர் வீட்டு அடுப்படி ஜன்னலும் எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லும் நேருக்கு நேர். அங்கே என்ன தாளித்தாலும் இங்கே தும்மல் வரும்.

தாரைக் கார் ஷெட்டில் கயிறு போட்டுக் கட்டினார்கள். கார் கிடையாது, ஷெட் மட்டும் உண்டு.

ரஸ்தாளி ஒரு துரோகி. காயாக இருக்கும்போது கல் மாதிரி தொங்கும். மஞ்சள் ஏறியது தெரிந்தால் மறுநாளே எல்லாச் சீப்பும் ஒன்றாகப் பழுத்துக் காம்பை விட்டுக் கழன்று விழும். அதிலும் கார்த்திகை மாசத்து மழை. வெயில் இல்லாமல் ஊறிப்போன காற்றில் அந்தத் தார் பழுத்த வேகத்தைப் பார்த்தால், யாரோ உள்ளே அடுப்பு வைத்து மூட்டுகிற மாதிரி இருந்தது. தொப் தொப்பென்று ஷெட்டில் விழுகிற சத்தம் என் கட்டில் வரைக்கும் கேட்டது. பழ ஈ மொய்த்தது. அவர் மனைவி சரோஜினி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்த அம்மாள், முட்டி வலியோடு குனிந்து குனிந்து பொறுக்கி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, அந்தாண்ட மாடு கட்டியிருக்கான், அதுக்குப் போடுங்க. மாடாவது வாழ்த்தும்" என்றேன்.

"அவங்க விட மாட்டேங்கிறாங்கண்ணே. காணிக்கை வச்சதாம். ஒண்ணுகூட கீழ போகக் கூடாதாம்."

"அப்ப அவுரையே உக்காந்து துன்னச் சொல்லுங்க."

"அவங்களுக்கு சுகர்" என்றார் டீச்சரம்மா. சொல்லிவிட்டு முறத்தைப் பார்த்துச் சிரித்தார்.

லாசரஸ் தெருவில் வீடு வீடாகப் போய்ச் சீப்புக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு சின்னப் பிரசங்கமும் சேர்த்தே கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு சீப்பு வந்தது. என் மருமகள் ஜெயக்கொடிக்கு வாழைப்பழ வாசனையே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தாள்.

அப்போதுதான் எப்சிக்கு வரன் வருகிற சேதி வந்தது.

எப்சி அவர்களுக்கு ஒரே பெண். பெருங்குடியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். முப்பத்து நாலு வயசு. அவளைப் பார்க்க வந்து போனவர்களை வைத்து ஒரு பஸ் நிரப்பலாம். ஒருத்தனுக்கு நிறம் போதவில்லை, ஒருத்தனுக்கு வீடு ஏரியில் இருக்கிறது, ஒருத்தனுக்குச் சபை வேறே. வந்தவன் எல்லாம் வயிறு நிறையத் தின்றுவிட்டுத்தான் போனான். இந்தத் தடவை கூடுவாஞ்சேரி. பையன் பெயர் ஃபிரெடி. சிறுசேரியில் வேலை. தகப்பனார் ஜெபசீலன், வங்கியில் மேனேஜராக இருந்தவர், ரொம்பக் கட்டுப்பாடான பக்தி என்று லாசரஸ் பெருமையாகச் சொன்னார். எனக்குக் கேட்டதுமே பிடிக்கவில்லை.

ஆனால் எப்சிக்குப் பிடித்திருந்தது. அந்தப் பையனோடு அதற்கு ஒரு மாசம் முன்னாலிருந்தே போனில் பேசிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கிற சாக்கில் நடந்துகொண்டே பேசுவாள், சிரிப்பாள். அந்தப் பெண்ணுக்குச் சிரிக்க வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஒரு நாள் ஜெயக்கொடி சுவர் ஓரமாக அவளிடம் கேட்டாள்.

"இன்னா எப்சி, இந்த வாட்டி முடிஞ்சிருமா?"

"முடிஞ்சா நல்லா இருக்கும்க்கா. இவர் கொஞ்சம் மனுஷன் மாதிரி பேசுறார்" என்றாள் அவள்.

பெண் பார்க்க அவர்கள் வருகிற நாள் கார்த்திகை தீபம். அவர்கள் காலண்டரில் அது கிடையாது, அதனால் தெரியாது. லாசரஸ் வீட்டில் காலையிலிருந்தே சண்டை.

"கடையில ஸ்வீட் வாங்குறதுக்கு நாம என்ன அனாதையா? எங்க ஊர்ல பழ அப்பம் போட்டா தெரு முழுக்க மணக்கும். ஆல்டர்ல வச்ச பழத்துல பண்ணிக் குடுத்தா அவர் எப்படி எடுத்துக்குவார், யோசிச்சுப் பாரு."

"பழம் ரொம்பக் கனிஞ்சிருச்சுங்க. கொஞ்சமாத்தான் போடணும்."

"எல்லாத்தையும் போடு சரோ. காணிக்கை. மிச்சம் வைக்கக் கூடாது."

எல்லாத்தையும் போட்டார்கள். நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்தேன், மழை விட்டிருந்தது. தோல் கறுத்து, கையில் எடுத்தால் வழிகிற பழம். குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவு அண்டாவில் உரித்துப் போட்டு எப்சி இரண்டு கையாலும் பிசைந்தாள். முழங்கை வரைக்கும் கூழ். டீச்சரம்மா கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்டி ஊற்றினார். ஏலக்காய், சுக்கு, தேங்காய்க் கீற்று. கோதுமை மாவு வீட்டில் இருந்ததே ஒரு பாக்கெட். அந்தக் கடலில் அது எங்கே போனது என்று தெரியவில்லை. கரண்டியால் எடுத்து ஊற்றினால் மாவு பாயசம் மாதிரி இறங்கியது.

முதல் கரண்டி எண்ணெயில் விழுந்தது. அடியில் போய்ப் படுத்தது. மேலே வந்தபோது அது அப்பமாக இல்லை. நாலைந்து துண்டாகப் பிரிந்து, ஓரம் கறுத்து, நடுவில் சளி மாதிரி மிதந்தது. எண்ணெய் பொங்கி நுரைத்து அடுப்பில் வழிந்தது. ஜல்லிக்கரண்டியில் அள்ளித் தட்டில் போட்டார்கள். தட்டில் எண்ணெய் குளம் கட்டியது.

"எண்ணெய் காயல. அதான்" என்றார் லாசரஸ். வாழ்நாளில் காபிகூடப் போட்டுக் குடிக்காத மனுஷர்.

எண்ணெயைக் காய வைத்தார்கள். அடுத்தது விழுந்த உடனே கரியாயிற்று, உள்ளே பச்சை மாவு. ஆப்பச் சோடா போட்டால் உப்பும் என்றார். போட்டார்கள். அது எண்ணெயில் விழுந்ததும் காணாமலே போயிற்று, நுரைதான் மிச்சம். கடைசியில் மறுபடி தொடங்கிய தூறலில் எப்சி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி மைதா வாங்கி வந்து கொட்டினாள். இப்போது பிரியவில்லை. ஆனால் ஆறியதை நான் ஒன்று வாங்கிக் கடித்துப் பார்த்தேன். செருப்புக்கு அடியில் ஒட்டலாம்.

"இத்த மாப்ளைக்குக் குடுத்தா பல்லு வைத்தியரையும் கூட்டினு வரணும் சார்" என்றேன்.

லாசரஸ் என்னை முறைத்தார். டீச்சரம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு அண்டாவைப் பார்த்தார்.

"பிஸ்கட் வச்சிரலாம்ங்க."

"பிஸ்கட்டா? நான் ஏற்கெனவே போன்ல சொல்லிட்டேன். எப்சி பழ அப்பம் பண்ணுறான்னு. ஆலயத்துப் பழம்னும் சொல்லிட்டேன்."

சொல்லியிருப்பார். சொல்லாமல் எப்படி இருப்பார்.

எங்கள் வீட்டிலும் அன்றைக்கு அப்பம்தான். கார்த்திகைக்கு அப்பமும் பொரி உருண்டையும் படைப்பது. ஜெயக்கொடி மாடிப்படிக்குக் கீழே இருந்த அதே பழத்தில் நாலே நாலு எடுத்தாள். அவளுக்குத்தான் வாசனை ஆகாதே. மிச்சத்தை மாட்டுக்காரனிடம் கொடுத்துவிட்டாள். அதனால் அவள் அப்பம் தப்பித்தது, வேறு சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஒன்று தவளை மாதிரி. ஆனால் அப்பம்.

சாயங்காலம் தூறலில் வாசல் விளக்கு நாலு தரம் அணைந்தது. அவள் புடவை முந்தானையால் மறைத்து மறைத்து ஏற்றினாள். வெற்றிவேல், என் மகன், டூட்டியில் இருந்தான். நான் உள்ளே ஊதுவத்தி கொளுத்தினேன். தட்டில் அப்பத்தைக் குவித்துச் சாமந்திப் பூவை உதிர்த்துப் போட்டு விளக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டியாயிற்று. அப்போதுதான் எப்சி பின் வாசல் வழியாக வந்தாள். பட்டுப் புடவை கட்டியிருந்தாள். நகக்கண்ணில் இன்னும் கருப்பட்டி.

"அக்கா, எனக்கு அப்பம் வேணும். இருக்கிறது எல்லாம்."

ஜெயக்கொடி கையைப் பிசைந்தாள். அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் எந்தப் பண்டிகைக்கும் பலகாரம் செய்தால், சாமிக்கு வைக்கும் முன்னால் ஒரு டப்பாவில் லாசரஸ் வீட்டுக்கு எடுத்து வைத்துவிடுவோம். படைத்ததை அவர்கள் தொட மாட்டார்கள். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோனால்கூட லாசரஸ் கதவிலேயே நின்று, "முன்னாடி எடுத்ததாம்மா?" என்று கேட்டு வாங்குவார். ஆமாம் என்றால்தான் டப்பா உள்ளே போகும்.

"அய்யோ எப்சி, இப்பத்தான் படைச்சேன். ஒங்களுக்கு மொதல்லயே எடுத்து வெக்கணும்னு இருந்தேன். இந்த வெளக்கு அணைஞ்சி அணைஞ்சி போயி, அந்தப் பேஜார்ல மறந்துட்டேன்."

எப்சி விளக்கைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"பரவாயில்லக்கா. குடுங்க."

"ஒங்கப்பா?"

"அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஜெயக்கொடி பூவைத் தட்டிவிட்டு ஒரு தூக்கில் அடுக்கிக் கொடுத்தாள். எப்சி போனாள். அவர்கள் அடுப்படியில் லாசரஸ் குரல் கேட்டது.

"எங்க இருந்து?"

"ஜெயா அக்கா குடுத்தாங்க."

"முன்னாடி எடுத்ததா?"

வாசலில் கார் ஹாரன் அடித்தது. லாசரஸ் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு ஓடினார். திரும்ப வந்து கேட்கவில்லை. எப்போதும் இரண்டு தரம் கேட்கிற ஆள்.

கொஞ்ச நேரத்தில் என்னையும் கூப்பிட்டார். "ஏரியா பத்திக் கேப்பாங்க கேசவன். லோக்கல் ஆள் நீங்க சொன்னா ஒரு வெயிட்." சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஆசையில் போகவில்லை. எப்படிப்பட்ட ஜனம் என்று பார்க்கத்தான் போனேன்.

ஜெபசீலன் நல்ல உயரம். சோபாவின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பையன் ஃபிரெடிக்கு முன் மண்டையில் முடி ஏறிக்கொண்டிருந்தது. சாதுவான முகம். எப்சியைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதுவரை எனக்கு அவன் மேல் புகார் இல்லை.

முதலில் ஜெபசீலன் ஜெபம் செய்தார். காபி ஆறிப் போகிற வரைக்கும் செய்தார். அப்புறம் கண்ணைத் திறந்து என்னிடம் கேட்டார்.

"பெரியவரே, நீங்க இந்த ஊர்தானே. இது ஏரி நிலம்னு சொல்றாங்களே?"

"எவன் சொன்னது? பட்டா நெலம். எங்க சித்தப்பா வித்தது."

"மழைக்குத் தண்ணி நிக்குமா?"

"எங்க நிக்கிது. வந்த தண்ணி அப்டியே ஓடிரும்."

அவருக்குத் திருப்தி. பெரிய வெள்ளத்தன்று இதே லாசரஸை ஜன்னல் வழியாக இறக்கிப் படகில் ஏற்றியது என் மகன்தான். அதைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. லாசரஸ் என்னைப் பார்த்து நன்றியாகத் தலையாட்டினார்.

எப்சி தட்டுகளைக் கொண்டு வந்தாள். லாசரஸ் எழுந்து நின்றே சொன்னார்.

"எடுத்துக்கோங்க. ஆலயத்துல காணிக்கை வச்ச பழம். எப்சியே தன் கையால பண்ணினது."

எப்சி தகப்பனைப் பார்த்தாள். தட்டுகளை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள்.

தின்றார்கள். ஜெபசீலன் முதலில் ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் பிட்கிற வேலையை விட்டுவிட்டு முழுசாக எடுத்தார். ஃபிரெடி மூன்று தின்றான். அந்த அம்மாள் எத்தனை என்று யாரும் எண்ண முடியாத வேகத்தில் கை போய் வந்தது.

"எண்ணெயே குடிக்கலியே. எப்படிம்மா பண்ணுன? நான் போட்டா பிரிஞ்சு போயிரும்" என்றார் எப்சியிடம்.

"எனக்கும் பிரிஞ்சுதான் போச்சு ஆன்ட்டி" என்றாள் எப்சி.

எல்லோரும் சிரித்தார்கள். பெண் அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாள் அடுத்ததைக் கடித்துவிட்டு நிறுத்தினார். நாக்கைத் துழாவி விரலால் ஒன்றை எடுத்தார். ஈரமாக, மஞ்சளாக, நீளமாக ஒரு இதழ்.

"என்னது, பூ மாதிரி இருக்கு?"

"குங்குமப்பூ" என்றார் லாசரஸ். யோசிக்கவே இல்லை.

ஜெபசீலன் அதை வாங்கிக் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் பார்த்தார். "குங்குமப்பூ இவ்வளவு பெருசாவா இருக்கும்?"

"காஷ்மீர்ல இருந்து வந்தது" என்றார் லாசரஸ்.

நான் ஆறிப்போன காபியை எடுத்து வாயை மறைத்துக்கொண்டேன்.

"சாமந்திப் பூப்பா அது" என்றாள் எப்சி.

ஜெபசீலன் தலையைத் திருப்பிச் சன்னல் வழியாக எங்கள் வீட்டு வாசலைப் பார்த்தார். வரிசையாக விளக்கு. மனுஷன் மேனேஜராக இருந்தவர், கூட்டிப் பார்க்கத் தெரியாதா. தட்டை டீபாயில் வைத்தார்.

"இது எங்க இருந்து வந்தது?"

லாசரஸுக்கு வேர்த்தது. "பக்கத்து வீட்ல இருந்துதான். இங்க கொஞ்சம் மாவு பதம் தப்பிப் போச்சு. ஆனா அவங்க எங்களுக்குன்னா எப்பவும் முன்னாடியே எடுத்து வச்சிருவாங்க. படைக்கிறதுக்கு முன்னாடி. என்ன கேசவன்? சொல்லுங்க, முன்னாடி எடுத்ததுதானே?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒருத்தருக்கும் உண்மை வேண்டியிருக்கவில்லை. லாசரஸுக்கு வேண்டாம். அந்த அம்மாளுக்கு வேண்டாம், இன்னும் தட்டில் இரண்டு இருந்தது. ஜெபசீலனுக்கும் வேண்டாம், அவர் வயிற்றுக்குள் போனது திரும்பி வராது. சற்று முன்னால் ஏரித் தண்ணீரைப் பற்றி நான் சொன்னதை வாங்கிக்கொண்ட மாதிரியே இதையும் வாங்கி மடியில் கட்டிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சொல்லக் கஷ்டமும் இல்லை. ஒரு வார்த்தை. அந்தப் பெண் சிரித்ததை மாடியில் பார்த்திருக்கிறேன். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேணாம் அங்கிள்" என்றாள் எப்சி. "உங்களை ஏன் சொல்ல வைக்கணும். விளக்குக்கு முன்னாடி வச்சிருந்ததைத்தான் நான் எடுத்துட்டு வந்தேன். தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தேன்."

அந்த அம்மாள் மென்றுகொண்டிருந்ததை என்ன செய்வது என்று தெரியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

"எங்க அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. நீங்க வர்ற நேரம் ஆயிருச்சு. எங்களோடது எல்லாம் கெட்டுப் போச்சு. ஒண்ணும் இல்லாம எப்படி நிக்கிறதுன்னு எடுத்துட்டேன். பழம் எங்க ஆலயத்துப் பழம்தான். அதே குலை."

"பழம் எதுவா இருந்தா என்னம்மா" என்றார் ஜெபசீலன். குரலை உயர்த்தவில்லை. "விக்கிரகத்துக்குப் படைச்சாச்சுல்ல."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கைக்குட்டையால் விரலை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அப்புறம் சொன்னார்.

"நான் இதைப் பெருசு பண்ண விரும்பல. பிள்ளைங்க தப்பு பண்ணுறதுதான். உண்மைய ஒத்துக்கிட்டா, அது நல்லது. இப்ப எங்க எல்லார் முன்னாடியும் முழங்கால் போட்டு கர்த்தர்கிட்ட மன்னிப்புக் கேட்கட்டும். நான் ஜெபம் பண்ணுறேன். அதுக்கப்புறம் மத்ததைப் பேசலாம். நாளைக்கு எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு, பாருங்க."

லாசரஸ் முகத்தில் ரத்தம் திரும்பியது. "ஸ்தோத்திரம். எப்சி, முழங்கால் போடும்மா. பெரிய மனசு அவங்களுக்கு."

அவள் அசையவில்லை. ஃபிரெடி முன்னால் குனிந்து மெதுவாகச் சொன்னான். "எப்சி, ஜஸ்ட் ஒரு ரெண்டு நிமிஷம். அப்பா அப்படித்தான். முடிஞ்சிரும்."

"நீங்க எத்தனை சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"நானா? மூணு."

"நானும் ஒண்ணு சாப்பிட்டேன், உள்ள. அப்ப சாப்பிட்டவங்க எல்லாரும் போடலாம். நீங்களும் வாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். "எனக்குத் தெரியாதுல்ல எப்சி. தெரியாம சாப்பிட்டது."

"இப்ப தெரியும்ல."

சொல்லிவிட்டுப் பட்டுப் புடவையோடு தரையில் முழங்கால் போட்டாள். அப்படியே அவனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஒருவனுக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு பார்ப்பார்களே, அப்படி.

ஃபிரெடி தகப்பனைப் பார்த்தான். தகப்பன் அவனைப் பார்க்கவில்லை. அவன் தட்டைக் கையில் எடுத்தான், மடியில் வைத்தான். எழுந்திருக்கிற மாதிரி பாதத்தை ஊன்றினான். திரும்பவும் தளர்த்திக்கொண்டான். சிறுசேரியில் இவனுக்கு மாசம் இவ்வளவு கொடுத்து வேலை வாங்குகிறார்களே, முழங்கால் போட இவனுக்கு அப்பன் கண்ணைக் காட்ட வேண்டியிருக்கிறது.

அடுப்படி வாசலில் நின்ற டீச்சரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மகள் பக்கத்தில் முதலில் ஒரு காலை மடக்கி, வலியில் உதட்டைக் கடித்து, இன்னொரு காலையும் மடக்கி முழங்கால் போட்டார். பல வருஷமாகக் கோவிலில்கூட நாற்காலி போட்டு உட்காருகிற அம்மாள்.

"சரோ, உன்னை யாரு சொன்னா?" என்றார் லாசரஸ்.

"நானும் ஒண்ணு சாப்பிட்டேன்" என்றார் டீச்சரம்மா.

ஜெபசீலன் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். "பரிசுத்தமுள்ள பிதாவே" என்று இரண்டு வார்த்தைதான். எப்சி எழுந்துவிட்டாள். அம்மாவின் கக்கத்தில் கை கொடுத்து மெதுவாகத் தூக்கி நிறுத்தினாள். அப்புறம் நேரே போய் ஃபிரெடி மடியில் இருந்த தட்டை எடுத்தாள். அவன் கையில் பாதி கடித்தது ஒன்று இருந்தது. அதையும் நீட்டினான். வாங்கித் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"மழை பெருசா வரப்போகுது. கூடுவாஞ்சேரி வரைக்கும் போகணும் நீங்க" என்றாள்.

ஜெபசீலனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஜெபத்தின் நடுவில் யாரும் அவரை அனுப்பி வைத்திருக்க மாட்டார்கள். அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு முதலில் எழுந்தார். கன்னத்தில் அடக்கியிருந்ததை எப்போதோ விழுங்கியிருந்தார். லாசரஸ் பின்னாலேயே கார் வரைக்கும் குடை இல்லாமல் ஓடினார். கதவைத் திறந்துவிட்டு, மூடிவிட்டு, கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார். கார் தெருமுனைப் பள்ளத்தில் இறங்கித் தண்ணீரை வாரி அவர் வேட்டியில் அடித்துவிட்டுப் போயிற்று. வந்த தண்ணீர் ஓடிவிடும் என்று நான் சொன்ன அதே பள்ளம்.

நனைந்து திரும்பியவர் என்னிடம் வந்தார்.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கேசவன். முன்னாடி எடுத்ததுன்னு."

"சொல்லத்தான் சார் போனேன். ஒங்க பொண்ணு உடல."

"அவளுக்கு என்ன தெரியும். இனி எவன் வருவான், சொல்லுங்க. தனசிங் காதுக்கு இது போச்சுன்னா?"

அதுதான் அவர் கவலை. பெண் உள்ளே இருக்கிறாள், இவர் தனசிங்கை நினைத்துக்கொண்டு மழையில் நிற்கிறார். நான் படியில் இறங்கி எங்கள் வீட்டுத் துவைக்கிற கல் பக்கம் போனேன்.

எப்சி அடுப்படி ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். அழுதிருந்தாள், தெரிந்தது. முகத்தைக் கழுவியிருந்தாள். டீச்சரம்மா ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். மேடை மேல் போன் அதிர்ந்தது. எப்சி எடுத்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து, பையன் திரும்பி வருகிறேன் என்று எழுதியிருக்கிறான் என்றே நினைத்துவிட்டேன். நினைத்ததற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"இன்னா சொல்றான்?" என்றேன் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

"அவங்க அம்மாவுக்கு வழியில நெஞ்சு கரிக்குதாம் அங்கிள். அந்த அப்பத்துல என்னென்ன போட்டிருந்ததுன்னு கேக்குறார்."

"வேற ஒண்ணும் இல்லியா?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவள் விரல் போனில் ஓடியது. சுருக்கமாகத்தான் ஓடியது.

"இன்னா எழ்தின?"

"வாழைப்பழம், மாவு, வெல்லம், ஏலக்காய்" என்றாள். போனை அணைத்துத் தலைகீழாக வைத்தாள். பிறகு நல்லெண்ணெயைக் கரண்டியில் சூடு பண்ணிக்கொண்டு, அம்மாவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, முட்டியில் தேய்க்க உட்கார்ந்தாள்.